மூன்றாம் பத்தியில் திருத்தாத இரண்டு சொற்கள்

கொட்டிவாக்கம்
2 ஜூலை 2025

வக்கீல் சாப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இத்துடன் நான்கு பக்கங்கள் வைத்திருக்கிறேன். நம் மணவிலக்குக்காக நதீம் அண்ணனின் வக்கீல் எழுதிய மனுவின் நகல் அது. இந்த மாதம் இருபத்தோராம் தேதி திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்து, பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள்.

சிரிக்காதீர்கள். அண்ணன் ஏற்கெனவே தலையில் அடித்துக்கொண்டுவிட்டார்.

“இன்னாம்மா இது? அவர் மேல போடற கேஸை அவர் கிட்டயே குடுத்து கரெக்ட் பண்ணச் சொல்றியே. எங்கனா நடக்குமா இது?”

“அவர் படிக்காத காகிதத்துல நான் கையெழுத்து போட்டதில்லண்ணே” என்றேன்.

உண்மைதானே? சமையல் கேஸ் இணைப்பு விண்ணப்பம், தி. நகர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த உத்தரவு, சிம்ராவின் பள்ளி உறுதிமொழி எல்லாவற்றையும் நீங்கள்தான் பென்சில் முனையால் சொல் சொல்லாகத் தொட்டுப் படித்தீர்கள். பிறகுதான் “போடு ஹானி” என்பீர்கள். நான் கண் பரிசோதிக்கிறவள். எழுத்து தெரிகிறதா என்று பார்க்கத் தெரியும். அந்த எழுத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேறு ஆள் வேண்டும். பதினொரு வருடமாக அந்த ஆள் நீங்கள். திடீரென்று வேறொருவரை நம்பப் பழக்கமில்லை.

பக்ரீத் முடிந்த மறுநாள் நான் கிளம்பியபோது நீங்கள் வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக் கொடுத்தீர்கள். அதனால் போன் வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் எனக்குப் பேச வராது. எழுதுங்கள்.

சிம்ரா நலம். கடல் அருகில் இருப்பதால் பள்ளிக்கூட ஷூவில் தினமும் மணல். “அத்தா கேஸ்ல ஜெயிச்சாச்சா?” என்று கேட்கிறாள். எந்தக் கேஸ் என்று நான் கேட்கவில்லை.

உம்மே ஹானி


கச்சேரி சாலை, மயிலாப்பூர்
5 ஜூலை 2025

அன்புள்ள ஹானி,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதமும் நான்கு பக்க வரைவும் நேற்று மாலை கிடைத்தன. உன் நம்பிக்கைக்கு நான் தகுதியுடையவனா என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவைத்து, கேட்ட வேலையைச் செய்து, பென்சில் திருத்தங்களோடு வரைவை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

முதல் பக்கத்தில் நம் வீட்டு எண் 41 என்று இருக்கிறது; 14 என்பதே சரி. நிக்காஹ் நடந்த நாள் 12 ஜூன் 2014 என்று இருக்கிறது. அது ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. அன்று ராயப்பேட்டை மண்டபத்தில் மின்சாரம் போய், பிரியாணி அண்டாவைச் சுற்றி மட்டும் பெட்ரோமாக்ஸ் எரிந்ததை உன் அண்ணனின் வக்கீல் அறிந்திருக்க நியாயமில்லை.

மூன்றாம் பத்தி முக்கியமானது. அதன் வாசகம் இது: ‘எதிர்மனுதாரர் கடந்த மூன்று ஆண்டுகளாக, நியாயமான காரணமின்றி, தம் இல்லறக் கடமைகளை நிறைவேற்றத் தவறிவிட்டார்.’ இதில் ‘மூன்று ஆண்டுகளாக’ என்பது உண்மையல்ல. 1939ஆம் ஆண்டு முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் மூன்று ஆண்டுகளைக் கேட்கிறது என்பதால் அவர் அப்படி எழுதியிருக்கிறார். நம் வாழ்வில் அத்தகைய குறை நேர்ந்திருக்குமானால், அது ஒன்பது மாதங்களுக்கு உட்பட்டது. அதிலும் ரமலான் மாதத்தைக் கழிக்க வேண்டும். இந்த மனுவோடு நீ சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டியிருக்கும். உன் வாயால் ஒரு பொய்யைச் சொல்ல வைக்க நான் சம்மதிக்க மாட்டேன், அது எனக்கு எதிரான பொய்யாக இருந்தாலும். மனைவி தானே கேட்டுப் பெறும் குலா என்ற வழி இருக்கிறது. அதற்கு இந்தக் காரணங்கள் எதுவும் தேவையில்லை. என் ஒப்புதல் போதும். கேட்டால் மறுக்க மாட்டேன்.

வரைவைப் படித்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது, வழக்குக்குத் தொடர்பற்றது. மணமான புதிதில் ஒரு பிற்பகல் உன் கடைக்கு வந்து, மற்ற வாடிக்கையாளர்களோடு டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்து, “இதுவா, முந்தினதா?” என்று கேட்டாய். கடைசி வரியை வேண்டுமென்றே தவறாகப் படித்தேன். “சார், இப்படியே படிச்சீங்கன்னா தடியான கண்ணாடி குடுத்துடுவேன்” என்றாய். வெளியே வந்து, பாண்டி பஜாரில் நிறுத்திய ஸ்கூட்டரை மறந்து, பட்டினப்பாக்கம் போகிற பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். இருவரும் ஆட்டோவில் திரும்பிப் போய் அதை எடுத்துவந்தோம். நீ வழி முழுதும் சிரித்தாய்.

சிம்ராவின் ஷூவை வெயிலில் வைத்துத் தட்டினால் மணல் உதிர்ந்துவிடும்.

தௌசீஃப்


கொட்டிவாக்கம்
8 ஜூலை 2025

வக்கீல் சாப்,

வீட்டு எண்ணைத் திருத்தினீர்கள். தேதியைத் திருத்தினீர்கள். ‘மூன்று ஆண்டுகளாக’ என்பதை அடித்தீர்கள். அதற்குப் பக்கத்திலேயே இரண்டு சொற்கள் இருக்கின்றன: ‘நியாயமான காரணமின்றி’. அவற்றை அடிக்கவும் இல்லை, சரி என்று குறிக்கவும் இல்லை. அவற்றின் மேல் பென்சில் படவே இல்லை. உங்களோடு பதினொரு வருடம் இருந்தவள் நான். நீங்கள் ஒரு சொல்லைத் தவறிப்போய்த் தாண்ட மாட்டீர்கள்.

இன்னொன்று. ஒன்பது மாதம் என்று மனுவில் எங்கும் இல்லை. என் கடிதத்திலும் இல்லை. நீங்களாக எண்ணியிருக்கிறீர்கள். ரமலானைக் கழிக்கவும் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்திதான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

ஆகவே நானும் சொல்கிறேன். போன செப்டம்பரிலிருந்து நீங்கள் சாப்பாட்டு மேசையில் வழக்குக் கட்டுகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். நான் படுக்கப் போனால் “நீ தூங்கு ஹானி, இது நாளைக்கு வேணும்” என்பீர்கள். முதல் மாதம் நம்பினேன். இரண்டாம் மாதம் புது நைட்டி வாங்கினேன். மூன்றாம் மாதம் கண்ணாடி முன்னால் நின்று, நாற்பது வயதுக்கு முன்பே கிழவியாகிவிட்டேனா என்று பார்த்தேன். பிறருடைய கண்ணைப் பார்க்கிற தொழில் எனக்கு. என்னைப் பார்க்க எந்தக் கண்ணாடியும் உதவவில்லை. உங்கள் போனைக்கூட ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். வாய்தா தேதிகளைத் தவிர எதுவுமில்லை. அதில் வேறொரு பெண் இருந்திருந்தால்கூடப் புரிந்திருக்கும்.

பிறகு ரமலான் வந்தது. ஒன்பதாம் நோன்பன்று பள்ளிவாசலில் கஞ்சி வாங்கப் போனவர், கஞ்சித் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு மூடியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றீர்கள். சிம்ரா உருண்டு உருண்டு சிரித்தாள். அந்த மாதம் நீங்கள் மேசைக்குப் போகவில்லை. என் பக்கத்தில் வந்தீர்கள். நான் எதுவும் கேட்கவில்லை. துஆ பலித்தது என்று நினைத்துக்கொண்டேன். பெருநாள் முடிந்து பத்தே நாளில் மறுபடி மேசை. ஒருமுறை நானாக வந்து தோளில் கை வைத்தேன். நீங்கள் கையை எடுத்து, மெதுவாக, மிக மரியாதையாக, கட்டின் மேல் வைத்தீர்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வரைவை மறுபடி இத்துடன் வைத்திருக்கிறேன். காரணம் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த இரண்டு சொற்களுக்குப் பக்கத்தில் ‘சரி’ என்று குறியுங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

உம்மே ஹானி


மயிலாப்பூர்
11 ஜூலை 2025

அன்புள்ள ஹானி,

அந்த இரண்டு சொற்களும் உண்மையல்ல. காரணம் இருக்கிறது. அது நியாயமானதா என்று தீர்மானிக்கும் உரிமையை உன்னிடமிருந்து பறித்துக்கொண்டேன் என்பதே என் குற்றம்.

சென்ற ஆண்டு மே மாதம் சிந்தாதிரிப்பேட்டை நூர் முஹம்மது பாயின் மூலப் பத்திரத்தை ஆட்டோவில் விட்டுவிட்டு வந்தேன் அல்லவா? நான்கு நாள் கழித்து ஓட்டுநரே தேடிவந்து கொடுத்தார். உனக்கு அதுவரை தெரியும். அதன்பின் நான் அடையாறில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தது உனக்குத் தெரியாது. டாக்டர் தேவானை, அறுபது வயதுக்காரர். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். என் பள்ளி மதிப்பெண் அட்டைகளைக்கூடக் கேட்டுப் பார்த்தார். எனக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு இருக்கிறது என்றார். சிறு வயதிலிருந்தே இருந்திருக்கிறது. எல்லாரும் என்னை ஒழுங்கானவன் என்கிறார்களே என்றேன். “ஒழுங்கானவங்களுக்கு இத்தனை பட்டியல் தேவைப்படாது சார்” என்றார். என் சட்டைப் பையில் அப்போது ஏழு துண்டுச் சீட்டுகள் இருந்தன.

மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் தொடங்கினேன். அது என்ன செய்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிற்பகுதி விளங்காது. எண்பது பக்கத் தீர்ப்பு ஒன்றை நடுவில் எழுந்திராமல் கடைசிவரை படித்தேன். நாற்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மற்றவர்கள் எல்லாரும் இப்படித்தான் எளிதாக வாழ்ந்துகொண்டிருந்தார்களா என்று இருந்தது.

உன்னிடம் பி.பி. மாத்திரை என்றேன். ஒரு வக்கீலுக்கு மனநல மருத்துவர் மாத்திரை தருகிறார் என்று வெளியே தெரிந்தால் யார் பத்திரத்தை நம்பிக் கொடுப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் உன்னை வெளியாள் ஆக்கியது என்பதை அப்போது கவனிக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் அது தொடங்கியது. முதலில் மனம் வந்தது, உடல் வரவில்லை. சில வாரங்களில் மனமும் வரவில்லை. பசி குறைவது போல அதுவும் குறைந்தது. வயது என்று எண்ணினேன். பிறகு மாத்திரைப் பெட்டிக்குள் மடித்துவைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்தேன். எத்தனையோ ஒப்பந்தங்களின் பொடி எழுத்தைப் படித்துக் கட்சிக்காரர்களைக் காப்பாற்றியவன், நான் விழுங்குவதன் பொடி எழுத்தை மூன்று மாதம் கழித்துப் படித்தேன். ஆண்களில் சிலருக்கு ஆசைக் குறைவும் விறைப்புக் குறைபாடும் ஏற்படலாம் என்று இருந்தது. ‘ஏற்படலாம்’ என்ற சொல்லின் அடியில் கோடு போட்டேன். அது எனக்கு ஏற்பட்டதா, அல்லது வேறு ஏதாவதா என்பதற்கு என்னிடம் சான்று இல்லை.

சான்று ரமலானில் கிடைத்தது. நோன்பு வைத்துக்கொண்டு பகலில் மாத்திரை விழுங்க முடியாது. நோயாளிக்குச் சலுகை உண்டு. ஆனால் என்னை நோயாளி என்று யாரிடம் சொல்வது? மருத்துவரைக் கேட்காமலே நிறுத்தினேன். பத்து நாளுக்குள் தூக்கை மறந்தேன், உன்னை நினைத்தேன். பெருநாளுக்குப் பிறகு மறுபடி தொடங்கினேன், மறுபடி நின்றது. அன்றைக்குக் காரணம் ஏறக்குறைய உறுதியானது. உன் கையைக் கட்டின் மேல் எடுத்துவைத்தது அதற்குப் பிறகுதான். உன்னை விலக்கவில்லை ஹானி. தோற்கப்போகும் வழக்கை வாய்தா வாங்கித் தள்ளுவது போல் தள்ளினேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் மாத்திரையை நிறுத்தச் சொல்வாய் என்று பயந்தேன். நிறுத்தச் சொல்லாமல் நீயே விட்டுக்கொடுத்துவிடுவாய் என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன்.

நீ பார்த்துச் சிரித்த அந்த மனிதன் ஸ்கூட்டரை மறந்தான், பத்திரத்தையும் மறந்தான். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

தௌசீஃப்


கொட்டிவாக்கம்
14 ஜூலை 2025

தௌசீஃப்,

பி.பி. என்றீர்கள். பத்து மாதம் உப்பைக் குறைத்துச் சமைத்தேன். ஊறுகாயை ஒளித்துவைத்தேன். சிம்ராவும் நானும் அந்தச் சப்பென்ற குழம்பைத்தான் தின்றோம். முதலில் அதற்கு மன்னிப்புக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறை கடையில், ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் படித்தேன்; அப்போதுதான் புரிந்தது.

நான் “இதுவா, முந்தினதா?” என்று கேட்டால் பாதிப் பேர் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், தெரியுமா? “தெளிவா தெரியுது மேடம்” என்பார்கள். என்னைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைப்பார்கள். அல்லது தப்பாகச் சொன்னால் பரீட்சையில் தோற்றுவிடுவோம் என்று நினைப்பார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் தவறான கண்ணாடியோடு வீட்டுக்குப் போய்த் தலைவலி என்று படுத்துக்கொள்வார்கள். அதில் என் தப்பு என்ன? அவர்கள் சொன்னதைத்தானே எழுதினேன்?

நீங்கள் டாக்டர் தேவானையிடம் என்ன சொன்னீர்கள்? எத்தனை முறை போயிருப்பீர்கள், பத்து? ஒவ்வொரு முறையும் வேறு தொந்தரவு இருக்கிறதா என்று அவர் கேட்டிருப்பாரே. சொன்னீர்களா? இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன்.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இந்தப் பத்து மாதத்தில் மின்சார பில் ஒருமுறைகூடத் தவறவில்லை. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குச் சரியான நாளில் போனீர்கள். போன வருடம் வரை அந்த வீட்டில் எல்லாரின் ஞாபகமும் நானாகவே இருந்தேன். அது எடுக்கப்பட்டபோது எவ்வளவு இலேசாக இருந்தது என்று உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வழி தெரியவில்லை என்கிறீர்கள். எனக்கு இரண்டும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று உங்களுக்கு யார் சொன்னது? தாளில் அப்படி அச்சடித்திருந்ததா?

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபடி நீங்களே மருத்துவர் ஆகாதீர்கள். அந்த அம்மாவிடம் போய், என்னிடம் எழுதிய வார்த்தைகளையே சொல்லுங்கள். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை அண்ணன் வக்கீலை வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் எனக்கு வேண்டும்.

ஹானி


மயிலாப்பூர்
18 ஜூலை 2025

அன்புள்ள ஹானி,

உப்புக்காக மன்னிப்புக் கேட்கிறேன். நிபந்தனையின்றி.

பந்தயத்தில் நீ வென்றாய். பதினோரு முறை போயிருக்கிறேன். பதினோரு முறையும் “வாய் உலர்கிறது, வேறு ஒன்றுமில்லை” என்றே சொன்னேன். நேற்று உன் கட்டளைப்படி சொன்னேன். தாய் வயதில் இருப்பவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நான் எழுதிய கடிதத்தின் நகலைப் பையிலிருந்து எடுத்து அந்தப் பத்தியை வாசித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?”

“தங்களிடம் எப்படி...”

“முப்பது வருஷமா இதே சீட்ல உக்காந்திருக்கேன். ஆம்பளைங்க எல்லாரும் வாய் உலருதுன்னுதான் ஆரம்பிப்பாங்க. நாலாவது தடவை கதவுகிட்ட போய் நின்னுகிட்டு, ‘அப்புறம் மேடம்’னு இழுப்பாங்க. நீங்க கதவுகிட்டகூட நிக்கலையே.”

அவர் சொன்னவற்றை, நீ கேட்டபடி, குறிப்பெடுத்து எழுதுகிறேன். இந்த வகை மாத்திரையால் சில ஆண்களுக்கு ஆசை குறைகிறது, சிலருக்குக் கூடுகிறது, பலருக்கு ஒரு மாற்றமும் இல்லை. விறைப்புக் குறைவு உண்டு என்று நோயாளிகள் சொல்கிறார்கள். எத்தனை பேருக்கு என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் இன்னும் போதாது. எனக்கு நடந்த வரிசையைப் பார்த்தால் மாத்திரைக்குப் பங்கு இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் அது மட்டும்தான் என்று தீர்ப்பெழுதக் கூடாது. தூக்கம், இரத்த அழுத்தம், சர்க்கரை, பயம் எல்லாமே காரணமாகலாம். ஒருமுறை தோற்றவன் அடுத்த முறை பயந்துகொண்டே வருவான். அந்தப் பயமே போதும் என்றார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார். அழுத்தம் பார்த்தார், சற்று அதிகம். ஆக, பி.பி. என்று நான் சொன்ன பொய் உண்மையாகும் தறுவாயில் இருக்கிறது.

பிறகு மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்றார். காலை எட்டுக்கு ஒன்று, மாலை ஆறரைக்கு ஒன்று என்றேன்.

“ஆறரையா? நான் மத்தியானம்னு எழுதினேன்.”

சீட்டை எடுத்துக் காட்டினார். பிற்பகல் 1 மணி என்று தெளிவாகவே இருந்தது. மனுக்களை நான் மாலையில்தான் எழுதுகிறேன், ஆகவே மாற்றிக்கொண்டேன் என்று விளக்கினேன்.

“கோர்ட் ஆர்டரை இப்படி உங்க வசதிக்கு மாத்திப்பீங்களா?”

இரவு தூக்கம் கெட்டதற்கும், வீட்டுக்கு வந்த நேரத்தில் உடல் கோர்ட்டிலேயே இருந்ததற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். ‘இருக்கலாம்’ என்பது அவர் சொல், நான் சேர்த்ததல்ல. இரண்டாவது மாத்திரையை இனி மதியம்தான் எடுக்க வேண்டும், அளவும் குறைத்திருக்கிறார். மாலை மறதி கொஞ்சம் திரும்பலாம் என்று எச்சரித்தார். சரிவராவிட்டால் வேறு மருந்து இருக்கிறது. அதற்கும் அதற்குரிய தொல்லைகள் உண்டு. மருந்துக் கடையில் தானாக எதையும் வாங்கி விழுங்கக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். நேர்மாறாக, விறைப்பு வலியோடு மணிக்கணக்கில் அடங்காமல் இருந்தால் வெட்கப்படாமல் அவசர சிகிச்சைக்கு ஓடிவர வேண்டும்; மிக அரிது, ஆனாலும் சொல்ல வேண்டியது தன் கடமை என்றார். இதை எழுதும்போது என் காது சூடாகிறது. நீ ஒரு சொல்லும் விடக் கூடாது என்றாய்.

அடுத்த சனிக்கிழமை, 26ஆம் தேதி மாலை நாலரைக்குப் பரிசோதனை முடிவுகளோடு வரச் சொன்னார். “வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. நீங்க சொல்றதை மட்டும் கேட்டா, நான் பாதி கேஸைத்தான் பார்க்கிறேன்” என்றார். அவர் சொன்னதைத் தெரிவிக்கிறேன், வற்புறுத்தவில்லை.

வரைவைத் திரும்ப இணைத்திருக்கிறேன். மூன்றாம் பத்தியில் ‘நியாயமான காரணமின்றி’ என்பதை அடித்து, ‘மனைவியிடம் மறைத்த ஒரு காரணத்தால்’ என்று எழுதியிருக்கிறேன். இப்போது அது உண்மை. திங்கட்கிழமை கையெழுத்திடுவதானால் பொய் சொல்லாமல் கையெழுத்திடலாம். சட்டப்படி அந்த மனு நிற்காது. ஆனால் குலா கேட்டால் கொடுப்பேன் என்று எழுதியதிலிருந்து பின்வாங்கவில்லை.

நாள் குறைவாக இருப்பதால் தபாலை நம்பவில்லை. நாளை மாலை நானே வந்து கேட்டருகே கொடுத்துவிட்டுப் போகிறேன். உள்ளே வர மாட்டேன்.

பட்டினப்பாக்கத்தில் ஞாயிறு காலை மீன் வாங்கப் போவோமே, நினைவிருக்கிறதா? நீ வஞ்சிரத்துக்குப் பேரம் பேசுவாய், நான் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், திரும்பிப் பார்த்தால் நீ போயிருப்பாய், மீன்கார அம்மா சொல்வாள்: “நைனா, உன் வூட்டுக்காரம்மா அந்தாண்ட போய்க்கினு கீது, ஓடு.” ஓடி வந்து உன் பையை வாங்குவேன். மாத்திரை எடுத்த மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் பின்தங்கவில்லை. மீன் வாங்கி, பாக்கிச் சில்லறையைச் சரிபார்த்து, உன் பக்கத்திலேயே நடந்தேன். ஓடி வருவதற்கு எதுவுமே இல்லாமல் இருந்தது.

தௌசீஃப்


கொட்டிவாக்கம்
20 ஜூலை 2025, ஞாயிறு

வக்கீல் சாப்,

நேற்று மாலை கேட்டருகே வந்தீர்கள். சிம்ராவின் கையில் உறையைக் கொடுத்தீர்கள். அவளுடைய ஷூவை வாங்கித் தலைகீழாகத் தட்டி, மணலை உதிர்த்துக் காட்டினீர்கள். மாடி ஜன்னலுக்குப் பின்னால் நான் நின்றது உங்களுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பிறகு மெயின் ரோடு வரை நடந்து, பஸ் ஏறிப் போய்விட்டீர்கள்.

சிம்ரா படியேறி ஓடிவந்தாள். “அம்மா, அத்தா வண்டிய மறந்துட்டுப் போய்ட்டாரு! சாவி அதுலயே கீது!”

அண்ணன் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “இவரு மேலயா கேஸ் போடற? இவருக்கு வண்டி எங்கனு சொல்ல ஒரு ஆள் வேணும்மா” என்றார். அவரே ஸ்கூட்டரைத் தள்ளி உள்ளே நிறுத்தினார். நான் சிரித்ததை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். மதியம் ஒரு மணி என்று எழுதியிருந்ததை நீங்கள் மாற்றினீர்கள் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. என் மனுவில் தேதி மாறினால் மட்டும் கோபம்.

நாளைக்கு வக்கீல் வரவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வரைவு என்னிடம்தான் இருக்கிறது. கிழிக்கவில்லை. நீங்கள் கைப்பட எழுதிய அந்த மூன்றாம் பத்தியைக் கிழிக்க மனம் வரவில்லை. பதினொரு வருடத்தில் எனக்கு எழுதிய எதிலும் இவ்வளவு குறைவான நிபந்தனைகள் இருந்ததில்லை.

வீட்டுக்கு வருகிறேன் என்று இப்போது எழுத மாட்டேன். கோபம் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. உப்பில்லாத கோபம்தான், ஆனாலும் இருக்கிறது. 26ஆம் தேதி வருகிறேன் என்று எழுதுகிறேன். டாக்டர் என்னைக் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்வேன். உங்களைக் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்ல வேண்டும். “தெளிவா தெரியுது மேடம்” என்பது என் முன்னால் நடக்காது. முதல் முறையிலேயே சரியான கண்ணாடி யாருக்கும் கிடைப்பதில்லை. மாற்றி மாற்றி வைத்துத்தான் பார்க்க வேண்டும். எனக்குப் பொறுமை உண்டு; அதுதான் என் தொழில்.

நேற்று வண்டியை மறந்தது மாத்திரையின் அளவு குறைந்ததாலா, அல்லது ஜன்னலில் என்னைப் பார்த்ததாலா என்று முதலில் அவரிடம் கேட்கப் போகிறேன்.

நீங்கள் பஸ்ஸில் வந்து, நாலேகாலுக்கு அடையாறு டெப்போ வாசலில் நில்லுங்கள். ஸ்கூட்டரை நான் ஓட்டிக்கொண்டு வருகிறேன். வண்டியைத் தேடாதீர்கள். என்னைத் தேடுங்கள்.

உங்கள் ஹானி